உரைகல்லும் திறவுகோலும்

பொன்னைத் தோண்டி எடுத்த ஊருக்குப் பூட்டின் அருமையைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோலார் தங்கவயலில் நம்மவர் வாழ்ந்த வாழ்க்கை, நூறாண்டுக்கு மேலாகக் காவலுக்கும் சோதனைக்கும் இடையே நடந்த வாழ்க்கையாகும். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலைப் பெருக்கிய நாள் முதலாக, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறிய நம் முன்னோர், பூமிக்கடியில் வெட்டிய பொன்னை ஒருநாளும் தமதென்று சொல்லிக்கொண்டதில்லை. எனினும், வேலை முடித்து மேலே வரும்போதெல்லாம் அவர்கள் உடலையும் உடையையும் சோதிக்கும் வழக்கம் மட்டும் தவறாமல் நடந்து வந்தது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் பிள்ளைகளிற் பலர், மாரிக்குப்பத்தில் புறப்பட்டு உரிகம், பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் இரயிலையே நம்பிப் பிழைக்கலாயினர். அவர்கள் ஈட்டும் கூலி இக்காலத்தில் உறையிலிட்டுக் கையில் தரப்படுவதில்லை. வங்கிக் கணக்கில் சேர்ந்து, கைபேசியின் வழியே வீட்டுக்கு வருகிறது. ஓய்வு பெற்ற பெரியோர்க்கு வரும் ஓய்வூதியமும் அவ்வாறே வருகிறது.

கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பணத்திற்குப் பூட்டு எது? அப்பூட்டைச் செய்தவர் யார்? அது தரமானது என்று சான்று கூறுபவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணித மேதைகளுக்கு மட்டுமே உரிய செய்தி என்று நேயர்கள் இதனை ஒதுக்கிவிடலாகாது. நம் அடுப்பு எரிவதற்கும் இதற்கும் இன்று தொடர்பு உண்டு.

தந்திக் குறியும் மறையெழுத்தும்

ஒரு செய்தியை உரியவர் மட்டுமே படிக்கும்படி மாற்றி எழுதுவதை மறையெழுத்து என்கிறோம். சென்ற நூற்றாண்டில் தந்தி அனுப்பிய வணிகர்களும் ஒருவகைக் குறிச்சொற்களைக் கையாண்டனர். ஒரு நீண்ட வாக்கியத்திற்கு ஈடாக ஒரே சொல்லை இட்டால் தந்திச் செலவு குறையும் அல்லவா? சுரங்கத் தொழிலுக்கென்றே இத்தகைய குறிநூல்கள் அச்சிடப்பட்டிருந்தன. பெட்ஃபோர்டு மெக்நீல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தொகுத்த நூல் அவற்றுள் ஒன்று. ஆனால் விலை கொடுத்து நூலை வாங்கியவர் எவரும் அத்தந்தியைப் படித்துவிடலாம். ஆதலின் அது சிக்கனமே அன்றிக் காவல் ஆகாது.

மறையெழுத்தில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, எழுத்துகளை எவ்வாறு கலைத்து மாற்றுவது என்னும் முறை. இது பூட்டின் அமைப்பைப் போன்றது. மற்றொன்று, அம்முறையில் இடப்படும் இரகசிய எண். இது திறவுகோலைப் போன்றது. ஒரே கம்பெனி செய்த ஆயிரம் பூட்டுகளும் அமைப்பில் ஒன்றாயிருக்கலாம். ஆயினும் நம் வீட்டுத் திறவுகோல் அடுத்த வீட்டைத் திறப்பதில்லை.

நெதர்லாந்தில் பிறந்து பிரான்சில் ஆசிரியராக விளங்கிய அகுஸ்து கெர்க்காஃப்ஸ் என்பவர், 1883ஆம் ஆண்டில் இத்துறைக்கு ஓர் அடிப்படை விதியை வகுத்தார். முறை முழுவதும் பகைவன் கையில் சிக்கினாலும், திறவுகோல் மட்டும் காக்கப்பட்டால் செய்தி காக்கப்பட வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. பூட்டின் அமைப்பை ஒளித்து வைத்துத்தான் வீட்டைக் காக்க முடியும் என்றால், அப்பூட்டைச் செய்த கொல்லன் ஒருவன் வாய் திறந்தாலே வீடு கொள்ளைபோகும். இன்று உலக வங்கிகள் அனைத்தும் இவ்விதியின்மேல்தான் நிற்கின்றன.

உரைத்துப் பார்த்த பூட்டு

பொன்னின் மாற்றைச் சொல்ல வாய்ச்சொல் போதாது. உரைகல்லும் நெருப்பும் வேண்டும். மறையெழுத்துக்கும் அப்படிப்பட்ட சோதனை வேண்டும் என்பதை உலகம் அனுபவத்தால் அறிந்தது.

1977இல் அமெரிக்க அரசு டி.இ.எஸ். என்னும் மறையெழுத்து முறையைத் தேசியத் தரநிலையாக அறிவித்தது. அரசு அலுவலகங்களின் இரகசிய வகையைச் சேராத செய்திகளைக் காப்பதற்கென்று வகுக்கப்பட்ட அம்முறையை, நாளடைவில் பல நாட்டு வங்கிகளும் மேற்கொண்டன. அதன் திறவுகோலின் நீளம் 56 பிட். பிட் என்பது சுழியம் அல்லது ஒன்று என்னும் ஓர் இலக்கம். அவ்வளவு நீளத்தில் ஏறத்தாழ 720 கோடி கோடி வெவ்வேறு திறவுகோல்கள் அமையும். கேட்பதற்கு மலைப்பாயிருப்பினும், இந்நீளம் போதாது என்று அறிஞர் சிலர் தொடக்கத்திலேயே எச்சரித்தனர். அவர்கள் சொன்னது 1998இல் மெய்யாயிற்று. மின்னணு உரிமைகளுக்காகப் பாடுபடும் அமெரிக்க அமைப்பு ஒன்று, இரண்டரை இலட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் ஓர் இயந்திரத்தைச் செய்து, ஒவ்வொரு திறவுகோலாக இட்டுப் பார்த்து, 56 மணி நேரத்தில் அப்பூட்டைத் திறந்து காட்டியது.

அதற்கு முன்பே, 1997இல், புதிய பூட்டிற்கான தேடல் தொடங்கிவிட்டது. இம்முறை அமெரிக்கத் தரநிலை நிறுவனம் உலகத்தையே போட்டிக்கு அழைத்தது. பல நாட்டு அறிஞர்கள் அளித்த 15 முறைகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. யார் வேண்டுமாயினும் உடைத்துப் பார்க்கலாம் என்று அறைகூவல் விடப்பட்டது. ஒருவர் முறையை மற்றவர் ஆராய்ந்து குறை கண்டனர். இறுதிச் சுற்றில் ஐந்து முறைகள் எஞ்சின. 2000ஆம் ஆண்டு அக்டோபரில், பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்னும் இருவர் செய்த முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. 2001 நவம்பரில் அது ஏ.இ.எஸ். என்னும் பெயரால் தரநிலையாயிற்று. நம் சுரங்கத்தின் கதவு அடைபட்ட அதே ஆண்டில், உலகப் பணத்திற்கெல்லாம் பூட்டாகப் போகும் முறை ஒன்று அரங்கேறியது.

ஏ.இ.எஸ். திறவுகோலின் நீளம் குறைந்தது 128 பிட். பெரியது 256 பிட். 128 பிட்டில் அமையும் திறவுகோல்களின் தொகையை எழுதினால் 39 இலக்கங்கள் வரும். ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பதென்றால், இன்றுள்ள எந்த இயந்திரத்தாலும் இயலாது. இதன் அமைப்போ எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. இருபதாண்டுகளுக்கு மேலாக உலக அறிஞர்கள் உரைத்துப் பார்த்தும் மாற்றுக் குறையாமல் நிற்பதே அதற்குரிய சான்று.

நாடுகளின் தனிப் பூட்டுகள்

அயலார் செய்த பூட்டை எவ்வளவு நம்பலாம் என்னும் ஐயம் நாடுகளுக்கு எழுவது இயல்பே. ரஷ்யர் 1989இல் வகுத்த காஸ்ட் முறையும், 2015இல் அதன் வழியில் வெளியிட்ட புதிய முறைகளும் அந்நாட்டுத் தரநிலைகளாக உள்ளன. சீனர் எஸ்.எம்.4 என்னும் முறையை 2006இல் வெளியிட்டுப் பின்னர்த் தேசியத் தரநிலையாக்கினர். ஜப்பானியர் 2000ஆம் ஆண்டில் கமேலியா என்னும் முறையை உருவாக்கினர். கொரியரிடம் சீட், ஏரியா என்னும் இரண்டு முறைகள் உண்டு.

ஐயத்திற்குக் காரணமில்லாமலும் இல்லை. 2006இல் அமெரிக்கத் தரநிலைகளுள் இடம்பெற்ற ஒரு முறை, திறவுகோலுக்கு வேண்டிய எண்களைப் பிறப்பிக்கும் முறையாகும். அதில் பின்கதவு ஒன்று அமைந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர் இருவர் 2007இலேயே சுட்டிக்காட்டினர். 2013இல் அமெரிக்க உளவு ஆவணங்கள் வெளிவந்தபோது ஐயம் வலுத்தது. 2014இல் அம்முறையைக் கைவிடுமாறு தரநிலை நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. முத்திரை குத்தப்பட்டது என்பதால் மட்டும் ஒன்றை நம்பிவிடலாகாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. அதன் குறையை வெளிக்கொணர்ந்ததும் பகிரங்க ஆராய்ச்சியே என்பதையும் மறக்கலாகாது.

தனிப் பூட்டிலும் தொல்லை உண்டு. கொரிய வங்கிகள் தம் நாட்டுச் சீட் முறையையே கட்டாயமாகக் கொண்டன. உலகில் பிறர் செய்த இணைய உலாவிகளில் அம்முறை இடம்பெறாத காரணத்தால், அதற்கெனத் தனியான மென்பொருள் ஒட்டு ஒன்றைப் பொருத்த வேண்டியதாயிற்று. அவ்வொட்டு ஒரே கம்பெனியின் உலாவியில்தான் இயங்கியது. தன்னுரிமை வேண்டிச் செய்த காரியம், பல்லாண்டுகள் ஓர் அயல்நாட்டுக் கம்பெனியைச் சார்ந்திருப்பதில் முடிந்தது.

நம் நாட்டின் வழி

இந்தியா பெரும்பாலும் வேறு வழியைக் கைக்கொண்டது. பொதுமக்கள் புழக்கத்திற்கு உலகம் உரைத்துப் பார்த்த முறைகளையே ஏற்று, அவற்றைச் சட்டத்தாலும் கண்காணிப்பாலும் நெறிப்படுத்துவது அவ்வழி. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்வழிக் கையொப்பத்திற்குச் சட்ட மதிப்பு அளித்தது. அதற்கெனச் சான்றளிக்கும் நிறுவனங்களைக் கண்காணிக்க ஒரு கட்டுப்பாட்டாளரையும் ஏற்படுத்தியது.

அக்கையொப்பத்தின் அமைப்பைத் தபால் பெட்டியைக் கொண்டு ஒருவாறு விளக்கலாம். தெருவில் போகும் எவரும் பெட்டியில் கடிதம் இடலாம். திறந்து எடுப்பவர் திறவுகோலை உடையவர் மட்டுமே. அதுபோல, ஊரறிந்த பொதுத் திறவுகோல் ஒன்றும், உரியவர் மட்டும் வைத்திருக்கும் தனித் திறவுகோல் ஒன்றும் இணையாக இயங்கும் முறைகள் 1970களில் தோன்றின. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் கண்ட ஆர்.எஸ்.ஏ. முறை அவற்றுள் புகழ்பெற்றது. இரு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது; பெருக்கி வந்த தொகையிலிருந்து அவ்விரண்டையும் பிரித்தெடுப்பது மிக அரிது. அந்த அருமையே அதன் காவல். உரியவர் தம் தனித் திறவுகோலால் இட்ட ஒப்பத்தைப் பொதுத் திறவுகோலால் எவரும் சரிபார்க்கலாம். அவரன்றி வேறெவரும் அதனை இட இயலாது.

நகையில் முத்திரை இடும் இந்தியத் தர நிர்ணய அமைவனமே, தகவல் பாதுகாப்பிற்கான உலகத் தரநிலைகளையும் இந்தியத் தரநிலைகளாக ஏற்று வெளியிடுகிறது என்பது நம் ஊராருக்குச் சுவையான செய்தியாகும். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தெண்கள் கொண்ட அடையாளம் இருத்தல் வேண்டும். அதனைக் கைபேசியிலேயே சரிபார்க்கலாம். முத்திரையைக் கண்டு நம்புவதோடு நில்லாமல், முத்திரையையே சோதித்துப் பார்க்கும் காலம் இது.

இத்துறையில் தமிழகமும் பின்தங்கி நிற்கவில்லை. டாக்டர் அப்துல் கலாம் எடுத்த முயற்சியால் 2002இல் தோன்றிய செட்ஸ் என்னும் மின்னணுப் பரிமாற்றப் பாதுகாப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய இரா. பாலசுப்பிரமணியன், அமெரிக்கப் பேராசிரியர் நீல் கோப்லிட்ஸுடன் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, நீள்வட்ட வளைவு மறையெழுத்தின் உறுதியை அளந்து காட்டிய ஆய்வாகும்.

அரசினர் எடுக்கும் ஒவ்வோர் அடியும் சரியாக அமையும் என்று கொள்ளவும் கூடாது. 2015 செப்டம்பரில் மைய அரசு வெளியிட்ட தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு, மறையெழுத்தில் அனுப்பும் செய்திகளின் மூலத்தை 90 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்று விதிக்க முற்பட்டது. பூட்டிய பொருளின் நகலொன்றைத் திண்ணையில் வைப்பது போன்ற இவ்விதிக்கு நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களிலேயே வரைவு திரும்பப் பெறப்பட்டது. பொதுமக்கள் விழிப்பாயிருந்தால் தரநிலையும் நேராகும் என்பதற்கு இது சான்று.

1930இல் எழுந்த வினா

இங்கு நம் ஊரின் வரலாறு ஒன்றை நினைவுகூர வேண்டும். 1930ஆம் ஆண்டில், தொழிலாளர் யாவரும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கொண்டுவரப்பட்ட முறையை எதிர்த்துத் தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கைரேகைப் பதிவு என்றால் போலீசாரும் குற்றவாளிகளும் நினைவுக்கு வந்த காலம் அது. எம் ரேகையை எதற்காக எடுக்கிறீர், யாரிடம் வைக்கிறீர் என்னும் வினா அவ்வெதிர்ப்பில் அடங்கியிருந்தது. படிப்பறிவு குறைந்தோர் கேட்டது என்று அவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இன்று அவ்வினாவிற்கு ஒரு பகுதி விடை கிடைத்திருக்கிறது. ஆதாருக்காக நாம் விரல் வைக்கும்போது, ரேகைக் குறிப்பு அக்கருவியிலேயே 256 பிட் ஏ.இ.எஸ். முறையில் பூட்டப்படுகிறது. பூட்டிய திறவுகோலும், 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. முறையில், ஆதார் ஆணையத்தின் தபால் பெட்டியில் இடப்படுவது போல் மறைக்கப்படுகிறது. இடையில் கம்பியை ஒட்டுக்கேட்பவனுக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலே கிட்டும். அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற முதியவர் கே.எஸ். புட்டசாமி ஆவார்.

எனினும் முழு விடை கிட்டிவிடவில்லை. 2023இல் கர்நாடகத்தில், சொத்துப் பத்திரங்களில் பதிந்திருந்த கைரேகைகளை நகலெடுத்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் கருவிகளில் அவற்றைப் பயன்படுத்திச் சேமிப்பைத் திருடியதாகப் புகார்கள் எழுந்தன. இங்கு ஏ.இ.எஸ். முறையை எவரும் உடைக்கவில்லை, ஆர்.எஸ்.ஏ. முறையையும் உடைக்கவில்லை. ரேகை, காகிதத்தில் பலர் பார்க்கக் கிடந்தது, அவ்வளவே. இரகசிய எண் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்றிக்கொள்ள முடியுமா? ஆதலின் ரேகையைத் தனித் திறவுகோலாகக் கொள்ளும் எந்த ஏற்பாடும், அதனை வைத்திருப்போர்மேல் பெரும் பொறுப்பைச் சுமத்துகிறது. யாரிடம் வைக்கிறீர் என்று நம் முன்னோர் கேட்டதை நாமும் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

நேயர்கள் கருத்தில் இருத்த வேண்டுவது ஒன்று உண்டு. வஞ்சகர் பெரும்பாலும் பூட்டை உடைப்பதில்லை. வீட்டாரையே ஏமாற்றித் திறவுகோலை வாங்கிவிடுகின்றனர். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும், பணம் அனுப்ப இடும் பின் எண்ணும் அத்திறவுகோலின் வேலையைச் செய்கின்றன. வங்கி அலுவலர் என்று சொல்லிக் கேட்பவர் எத்துணை மரியாதையாகப் பேசினும் அவற்றைச் சொல்லலாகாது. பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டியதில்லை, அனுப்புவதற்கே வேண்டும். பரிசு வந்திருக்கிறது, பின் எண்ணை இடுங்கள் என்று கூறுபவன் நம் பணத்தை எடுக்கவே கேட்கிறான். போலீஸ் உடையில் திரையில் தோன்றி, மின்வழிக் கைது செய்துள்ளோம் என்று மிரட்டுவோரும் உளர். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை.

ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ கைரேகையைப் பூட்டி வைக்கவும், வேண்டும்போது திறந்துகொள்ளவும் வசதி உண்டு. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள், விடுமுறைக்கு வீடு வரும்போது தாய் தந்தையர்க்கு இதனைச் செய்து கொடுத்தல் நன்று. ஆதார் நகல் கேட்கும் இடங்களில், இயன்றவரை, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலையே கொடுக்கலாம். பணம் பறிபோனது தெரிந்தால் நாணி வாளாவிருத்தல் கூடாது; 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நேரம் கடவாமல் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்க வழி உண்டு. தங்கவயலார் கைரேகைக்காகப் போராடிய ஆண்டும் 1930 என்று நினைவிற் கொண்டால், அவ்வெண் நமக்கு மறவாது.

பூட்டுகளும் காலத்தால் பழையனவாகும். குவாண்டம் கணிப்பொறி முழு வலிமையோடு வருமாயின் ஆர்.எஸ்.ஏ. முறை நிலைக்காது என்பது 1994 முதல் அறிந்த செய்தி. அதனை எதிர்பார்த்து 2024 ஆகஸ்டில் அமெரிக்க நிறுவனம் மூன்று புதிய தரநிலைகளை வெளியிட்டது. நம் நாடும் 2023 ஏப்ரலில் 6003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசியக் குவாண்டம் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. இப்பணிக்கு வேண்டிய கணிதம் பள்ளிப் பாடத்தில் படிக்கும் பகா எண்ணிலிருந்தே தொடங்குகிறது. பாறையின் உள்ளே பொன்னின் ஓட்டத்தைக் கண்டறிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இத்துறை எட்டாக்கனி அன்று. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃபிலும் படிக்கும் நம் சிறார், கணக்கை வெறுக்காமல் கற்குமாறு பெற்றோர் ஊக்க வேண்டும். அவர்களுள் சிலரேனும் நாளைய பூட்டுகளைச் செய்பவராகவும், பிறர் செய்த பூட்டை உரைத்துப் பார்த்துக் குறை கூறவல்லவராகவும் வருவாராயின், நம் சமுதாயத்திற்கு அதனினும் பெரிய காவல் வேறில்லை.